பதினைந்தாயிரத்துக்கு ஒரு நல்ல வாட்ச்

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். வீடு கடலூர் மஞ்சக்குப்பம். வேலை புதுச்சேரியில் ஒரு பள்ளியில், அறிவியல் ஆசிரியை. தினமும் பஸ். வகுப்பில் போனை எடுக்க முடியாது, அதனால் மணி பார்க்க ஒரு வாட்ச் வேண்டும். சம்பளத்தில் எடுத்து வைத்த பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் வாங்கலாமா, பேட்டரி வாட்ச்சே போதுமா? கடையில் வாங்குவதா, ஆன்லைனிலா? நேரு வீதிக் கடைகளில் 'லேடீஸ்' என்று கேட்டாலே கல் பதித்ததை எடுத்துப் போடுகிறார்கள், என்ன செய்வது? இவைதான் கேள்விகள். கடைசியில், அப்பாவின் பழைய எச்.எம்.டி. ஒன்று ஓடாமல் பீரோவில் கிடக்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா நாற்பது வருஷம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒருவர் மட்டும் உட்காரும் இடம், முன்னால் கண்ணாடிப் பெட்டி, ஒரு மேசை விளக்கு, பழைய பாகங்கள் போட்டு வைத்த தகர டப்பாக்கள். பள்ளி விடுமுறையில் ஆரம்பித்து, வேலைக்குப் போன பின்னும் ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். வாட்ச் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கண்ணால் பார்த்தது. மீதி சொந்தக் காசைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அந்தக் கடையில் நான் படித்த முதல் பாடம், நம் கடற்கரை ஊர்களில் வாட்ச் வயசாகிச் சாவதில்லை என்பதுதான். வியர்வையும் உப்புக் காற்றும் அதைத் தின்றுவிடுகின்றன. ரிப்பேருக்கு வந்த வாட்ச்சின் பின்மூடியைத் திறந்ததும் சித்தப்பா மிஷினைப் பார்க்க மாட்டார். மூடி உட்காரும் விளிம்பைத்தான் முதலில் லென்ஸில் பார்ப்பார். அங்கே பச்சையும் கறுப்புமாகக் களிம்பு ஒட்டியிருக்கும். வியர்வை, சோப்பு, தோலின் அழுக்கு, உலோகம் அரித்த தூள் எல்லாம் சேர்ந்த களிம்பு. மூங்கில் குச்சியைக் கூராகச் சீவி மெல்லச் சுரண்டுவார். சுரண்டின இடம் வழவழப்பாக இருந்தால் அவர் முகம் தெளியும். குழி குழியாக இருந்தால் வாட்ச்சைக் கீழே வைத்துவிட்டு, "மிஷின் நல்லாத்தான் இருக்கு, வீடுதான் இடிஞ்சு போச்சு" என்பார். மிஷினைப் பழுது பார்க்கலாம், வேறொன்று கூடப் போடலாம். கேஸ், அதாவது வெளிக்கூடு, அரித்துவிட்டால் வழி கிடையாது.

அதனால் கடையில் ஒரு வாட்ச் பிடித்துப்போனால், டயலை ரசித்து முடித்த கையோடு அதைத் திருப்பிப் பின்மூடியைப் படியுங்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று இருந்தால் நல்லது. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று இருந்தால் அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். மூடி மட்டும்தான் ஸ்டீல், மற்ற உடம்பு வேறு உலோகம் என்று அர்த்தம். 'பேஸ் மெட்டல்' என்று தனியாகப் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், பித்தளை மாதிரி ஏதோ ஒன்றின் மேல் முலாம் பூசியது. பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதன் மேல் உப்பு வியர்வை பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முலாம் முதலில் விடுவது ஸ்ட்ராப் மாட்டும் கால்களின் உள்பக்கத்தில். வெளியே பளபளப்பாகத் தெரியும், உள்ளே களிம்பு ஏறிக்கொண்டிருக்கும். ஒன்றுமே பொறித்திருக்காவிட்டால் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "கேஸ் முழுசும் ஸ்டீலா?" பதில் சுற்றி வளைத்து வந்தால் அடுத்ததைப் பாருங்கள்.

ஸ்டீலிலும் ரகம் உண்டு. நல்ல வாட்ச்களில் 316எல் என்று போட்டிருப்பார்கள். இதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருக்கும். குளோரைடு உப்பு உலோகத்தில் குழி பறிப்பதைத் தடுத்து நிறுத்துவது அதுதான். பாத்திரங்களுக்குப் பயன்படும் சாதாரண 304 ரக ஸ்டீலில் இந்த மாலிப்டினம் சேர்ப்பதில்லை. கையில் அரிப்பு வருகிற தோல் என்றால் டைட்டானியம் இன்னும் நல்லது, எடையும் ஸ்டீலில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் மாடல்கள் குறைவு. தங்க நிறம் பிடிக்கும் என்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஸ்டீல் மேல் பி.வி.டி. (உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும்) பூச்சு போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பூச்சு தேய்ந்தாலும் கீழே இருப்பது ஸ்டீல்.

அடுத்தது தண்ணீர். இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறோம். அந்த எண், ஆடாமல் அசையாமல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தில் புது வாட்ச்சைச் சோதித்ததற்கான கணக்கு. நடைமுறையில் 30 என்றால் கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் வரை. 50 என்றால் மழையில் நனையலாம், கொஞ்சம் நீந்தலாம். 100 என்றால் கடலில் இறங்கலாம். 200 போட்ட டைவர் வாட்ச் உங்களுக்கு வேண்டாம், தடிமனாக இருக்கும். ஐப்பசியில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு வரை நனைந்துகொண்டு நடப்பவருக்கு 30 பத்தாது. 50 குறைந்தபட்சம், 100 கிடைத்தால் நிம்மதி.

பின்மூடி எப்படி மூடியிருக்கிறது என்றும் பாருங்கள். அமுக்கி மூடுவது ஒரு வகை. விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுகளோடு, மரையில் திருகி மூடுவது இன்னொரு வகை. 2015 நவம்பரில் கடலூரை மழை முக்கியெடுத்ததே, அது வடிந்த வாரம் சித்தப்பா கடைக்கு வாட்ச்கள் பிளாஸ்டிக் பையில் வந்தன. பீரோ அடித்தட்டில் இருந்தவை, மேசை டிராயரில் இருந்தவை, சேற்றோடு அப்படியே. ஒரு எவர்சில்வர் தட்டில் வரிசையாகப் பரப்பி ஒவ்வொன்றாகத் திறந்தோம். அமுக்கு மூடி போட்டவற்றில் பெரும்பாலானவை உள்ளே காபித் தண்ணீர் மாதிரி இருந்தன. மரை மூடி போட்ட பல, வெளியே சேறு காய்ந்திருந்தும் உள்ளே மிஷின் மின்னிக்கொண்டிருந்தது. தண்ணீர் போனவற்றிலும் அன்றைக்கே கொண்டுவந்தவை பிழைத்தன. "காயட்டும்னு விட்டேன்" என்று நான்கு நாள் கழித்து வந்தவை துருப்பிடித்து முள் அசையாமல் நின்றன. வாட்ச்சுக்குள் தண்ணீர் போய்விட்டது என்று தெரிந்தால் அரிசி டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். அன்றைக்கே திறக்க வேண்டும்.

எவ்வளவு நல்ல வாட்ச்சானாலும் தண்ணீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் மெல்லிய ரப்பர் வளையங்கள்தான். மூடிக்கு ஒன்று, மணி திருத்தும் பக்கத்துத் திருகுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று. அது ரப்பர், அதனால் நம் வெயிலில் சில வருஷத்தில் விறைத்துப்போகும். இதில் நான் பட்டது ஒன்று உண்டு. ஆசையாய் வாங்கிய 100 மீட்டர் வாட்ச் ஒன்றுக்கு அவசரத்தில் ஒரு கடையில் பேட்டரி மாற்றினேன். ஐந்தே நிமிஷம், மூடியை அமுக்கிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு மழை. மறுநாள் காலை கண்ணாடிக்கு உள்ளே ஆறு மணிப் பக்கம் ஒரு சின்னப் பனி மூட்டம். சித்தப்பா திறந்து பார்த்தால் ரப்பர் வளையம் மூடிக்கும் கேஸுக்கும் நடுவில் நசுங்கி, தலைமுடி அளவு ஒரு இடைவெளி. அந்த வழியாக வந்த ஈரம் மிஷினைத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து பேட்டரி மாற்றும்போது ரப்பரைப் பார்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைக்கச் சொல்லிக் கூடவே நிற்பேன். பேட்டரியும் எது போடுகிறார்கள் என்று பார்ப்பேன். எஸ்.ஆர். என்று தொடங்கினால் சில்வர் ஆக்சைடு, எல்.ஆர். என்றால் ஆல்கலைன். இரண்டும் ஒரே அளவில் இருக்கும், ஆல்கலைன் விலை குறைவு. ஆல்கலைன் தீர்ந்த பிறகு கசிந்து மிஷினைப் பாழாக்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எஸ்.ஆர். கேளுங்கள்.

ஈரம் உள்ளே இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சித்தப்பா செய்யும் ஒரு சோதனை சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். வாட்ச்சைக் கொஞ்சம் சூடான தட்டின் மேல் வைத்திருந்து, கை பொறுக்கும் சூடு ஏறியதும் கண்ணாடி மேல் ஒரு சொட்டுச் சாதாரணத் தண்ணீர் விடுவார். ஒரு நிமிஷம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், உள்ளே ஈரம் இருந்தால் சொட்டு இருந்த இடத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வட்டமாக மூட்டம் கட்டியிருக்கும். பெரிய கம்பெனிகளும் இதையேதான் கருவி வைத்து 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கிச் செய்கின்றன.

கண்ணாடிக்கு வருவோம். சாக்பீஸ் தூள் கீறுமோ என்று கேட்டிருந்தீர்கள். கீறாது, அது கண்ணாடியைவிட ரொம்ப மென்மை. கீறுவது மணல். நம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நிறைய இருப்பது குவார்ட்ஸ், கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அது 7. சாதாரண வாட்ச்களில் போடும் மினரல் கண்ணாடி அதைவிடக் குறைவு. சஃபையர் 9. கடைக்குப் போனால் 'சஃபையர் கோட்டிங்' என்று ஒன்று சொல்வார்கள், அது மினரல் கண்ணாடி மேல் மெல்லிய பூச்சு, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். முழு சஃபையர் உங்கள் விலையில் சில மாடல்களில் கிடைக்கும், கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் அதற்காக நல்ல கேஸை விட்டுவிடாதீர்கள். மினரல் கண்ணாடி கீறினால் அதே அளவில் வேறொன்று மாற்றிவிடலாம், செலவு அதிகமில்லை. சஃபையர் கீறாது, ஆனால் பஸ் கம்பியில் ஓரம் பட்டால் சில்லு தெறிக்கும் என்பதும் உண்மை.

இப்போது உங்கள் முதல் கேள்வி, ஆட்டோமேட்டிக்கா பேட்டரியா.

பேட்டரி வாட்ச்சுக்குள் இருப்பதும் அந்த மணலின் உறவுக்காரன்தான். செயற்கையாக வளர்த்த குவார்ட்ஸ் படிகத்தை இசைக்கவை மாதிரி செதுக்கி, மின்சாரம் கொடுத்தால் நொடிக்கு 32,768 தடவை அதிரும். ஏன் அந்த எண் என்றால், அது 2-இன் 15-ஆம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும், அதை வைத்து முள்ளை நகர்த்தலாம். அழுத்தினால் படிகத்தில் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த சங்கதி, 1969 டிசம்பர் 25 அன்று சீகோ ஆஸ்ட்ரான் என்ற பெயரில் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமாக விற்பனைக்கு வந்தது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் கண் விரியும். சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடி தவறும், அதற்கு மேல் போகாது.

ஆட்டோமேட்டிக் எனக்கு உயிர். என்னிடம் இருப்பவற்றில் பாதி அதுதான். கையை அசைத்தால் உள்ளே ஒரு எடை சுழன்று ஸ்பிரிங்கை முறுக்குகிறது. பேட்டரி இல்லை, மின்சாரம் இல்லை, பல்சக்கரங்கள் மட்டும். பின்மூடி கண்ணாடியாக இருந்தால் உள்ளே ஒரு சக்கரம் முன்னும் பின்னும் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் உங்கள் வேலைக்கு இது முதல் வாட்ச்சாக வேண்டாம் என்பேன். சீகோவின் மலிவான ஆட்டோமேட்டிக் மிஷின் ஒன்றுக்கு அவர்களே கொடுத்திருக்கும் அளவு, ஒரு நாளைக்கு 45 நொடி வேகமாகவும் 35 நொடி தாமதமாகவும் ஓடலாம் என்பது. நடைமுறையில் இதைவிட நன்றாகவே ஓடும். இருந்தாலும் நாளைக்கு இருபது நொடி என்று வைத்தால்கூட மாதத்தில் பத்து நிமிஷம். பீரியட் மணிக்குப் பாடத்தை முடிக்கிறவருக்கு அது தொந்தரவு. சனி ஞாயிறு கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரம் போல ஓடி நின்றுவிடும், திங்கள்கிழமை காலை பஸ்ஸுக்கு ஓடுகிற நேரத்தில் மணி திருத்திக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று காந்தம். நீங்கள் காந்தப் பாடம் நடத்தும் நாளில் சட்டக் காந்தத்துக்குப் பக்கத்தில் கை போனால், உள்ளே ஓட்டத்தைச் சீராக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் காந்தமாகி ஒட்டிக்கொண்டு நாளைக்குப் பல நிமிஷம் வேகமாக ஓடத் தொடங்கும். காந்த நீக்கும் கருவியில் வைத்து எடுத்தால்தான் சரியாகும். முள் வைத்த குவார்ட்ஸும் காந்தத்தின் பக்கத்தில் நின்று போகும், விலகியதும் மறுபடி ஓடும், நேரத்தை மட்டும் திருத்தினால் போதும். இது தவிர, ஆட்டோமேட்டிக்கை ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றி எண்ணெய் போட வேண்டும். அதைப் பொறுப்பாகச் செய்கிற ஆள் நம் பக்கம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, உங்களுக்கு அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சத்தில் ஓடும் குவார்ட்ஸ். சிட்டிசன் கம்பெனி அதை எக்கோ டிரைவ் என்று விற்கிறது. சீகோவிலும் கேசியோவிலும் சோலார் என்று இருக்கும். டயலுக்குக் கீழே சூரியத் தகடு, உள்ளே திரும்பத் திரும்ப நிறையும் செல். வெயிலில் வைக்க வேண்டும் என்றில்லை, வகுப்பறை வெளிச்சமும் பஸ் ஜன்னலும் போதும். முழுதாக நிறைந்தால் பல மாடல்கள் இருட்டில் மாதக்கணக்கில் ஓடும். சார்ஜ் குறைந்தால் நொடி முள் இரண்டிரண்டு நொடியாகத் தாவி உங்களுக்குச் சொல்லிவிடும். இதில் எனக்குப் பிடித்த காரணம் வேறு. வருஷக்கணக்கில் பின்மூடியைத் திறக்கத் தேவையில்லை. திறக்காத மூடியின் ரப்பர் நசுங்காது. நம் ஊருக்கு அது பெரிய விஷயம். கோடை விடுமுறையில் பீரோவில் பூட்டி வைக்காமல் ஜன்னல் பக்கம் மேசையில் போட்டு வையுங்கள், நேர் வெயில் மட்டும் வேண்டாம்.

பதினைந்தாயிரத்துக்குள் இந்த வகையில் மாடல்கள் கிடைக்கும், தள்ளுபடி நேரத்தில் இன்னும் நல்லவை. அந்தப் பணம் முழுதையும் செலவு செய்ய மனசு வரவில்லை என்றால், டைட்டனின் முழு ஸ்டீல் குவார்ட்ஸ் ஒன்று பாதி விலையில் கிடைக்கும், அதிலும் குறை சொல்ல மாட்டேன். டாடாவும் நம் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-இல் தொடங்கியது, ஓசூரில் தொழிற்சாலை. பாகமும் சர்வீஸும் எந்த ஊரிலும் கிடைக்கும். அவர்களுடைய எட்ஜ் மாதிரி ரொம்ப மெல்லிய வாட்ச் கண்ணைப் பறிக்கும். மெல்லியவற்றில் பெரும்பாலும் தண்ணீர் அளவு 30-தான் என்பதால் உங்களுக்குச் சொல்லவில்லை. சுவிஸ் பெயர் வேண்டும் என்பதற்காக இந்தப் பணத்தில் தேடாதீர்கள். டிசோ போன்ற நல்லவை இதற்கு மேலே தொடங்குகின்றன. இதற்குக் கீழே சுவிஸ் கொடி போட்டு வருவதில் பாதிக்கு மேல் பெட்டிக்குக் கொடுக்கிற காசு.

'லேடீஸ்' கண்ணாடிப் பெட்டி பற்றி. உங்கள் எரிச்சல் நியாயமானது. அந்தப் பெட்டியில் இருப்பவற்றில் பலவற்றுக்கு நொடி முள்ளே கிடையாது. நீங்கள் ஊசல் பாடத்தில் இருபது அலைவுக்கு நேரம் எடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கு நாடித்துடிப்பு எண்ணிக் காட்ட வேண்டும். நொடி முள் இல்லாத வாட்ச் உங்களுக்கு நகைதான். டயலில் எண்கள் தெளிவாக, முள் டயலோடு கலந்து மறையாத நிறத்தில் இருக்க வேண்டும். கடையில் விளக்கு வெளிச்சம் எல்லாவற்றையும் அழகாகக் காட்டும். அதனால் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டு வாசல் பக்கம் நிழலில் போய், கையை இயல்பாகத் தொங்கவிட்டு, சட்டென்று ஒரு தடவை மணி பாருங்கள். ஒரே பார்வையில் தெரியவில்லை என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அளவுக்கு வட்டத்தின் அகலத்தை மட்டும் கேட்காதீர்கள். மேல் காலிலிருந்து கீழ் கால் வரை உள்ள நீளம்தான் கையில் எப்படி உட்காரும் என்பதைத் தீர்மானிக்கிறது. உங்கள் மணிக்கட்டுச் சுற்றளவு 15 செ.மீ. என்கிறீர்கள். மணிக்கட்டின் மேல்பரப்பு ஏறத்தாழ 5 செ.மீ. அகலம் இருக்கும். கால் முதல் கால் வரை 44 மி.மீ.க்குள் இருந்தால் இரண்டு பக்கமும் பிதுங்காது. வட்டம் 30 முதல் 36 வரை எதுவும் பொருந்தும். ஆண்கள் பெட்டியில் இருக்கும் 36 மி.மீ. வாட்ச்சைக் கூச்சப்படாமல் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ராப் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் வார் வேண்டாம், நம் வியர்வையில் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம், வாடையும் வரும். ஸ்டீல் செயின் வாங்குங்கள், கூடவே ஒரு ரப்பர் அல்லது நைலான் ஸ்ட்ராப் மழைக்காலத்துக்கு. அதற்கு ஸ்ட்ராப் மாட்டும் இடைவெளி 16, 18, 20 மி.மீ. என்று பொதுவான அளவில் இருக்க வேண்டும். கேஸும் செயினும் ஒரே துண்டாகப் பிணைந்த மாடல்களுக்குக் கம்பெனி ஸ்ட்ராப் மட்டும்தான் பொருந்தும், விலை அதிகம். வாரம் ஒருமுறை, தண்ணீர் தாங்கும் வாட்ச்சாக இருந்தால், பக்கத்துத் திருகு உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் செயின் கண்ணிகளைத் தேய்த்து, துணியில் ஒற்றி எடுங்கள். கடற்கரையில் நடந்துவிட்டு வந்த அன்றும் ஒருமுறை.

கடையா ஆன்லைனா என்றால், முதல் வாட்ச்சுக்குக் கடை. கையில் போட்டுப் பார்க்காமல் எதுவும் தெரியாது. நேரு வீதியிலும் அண்ணா சாலைப் பக்கமும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள், அன்றைக்கே வாங்க வேண்டாம். வாங்கும்போது வாரண்டி அட்டையில் கடை முத்திரை, தேதி, பின்மூடியில் இருக்கும் எண் மூன்றும் இருக்கிறதா பாருங்கள், செயினைக் குறைத்த கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு சந்தையில் பெரிய பெயர் போட்டுச் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதைத் தொடாதீர்கள். ஆன்லைனில் விலை ரொம்பக் குறைவாகத் தெரிந்தால், கம்பெனியின் இந்திய வாரண்டியா விற்பவரின் வாரண்டியா என்று படித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

இப்போது அப்பாவின் எச்.எம்.டி. அது சாவி கொடுக்கிற வாட்ச்சாக இருந்தால், உங்கள் ஆட்டோமேட்டிக் ஆசையில் முக்கால் பங்கு வீட்டிலேயே இருக்கிறது. எச்.எம்.டி. வாட்ச் 1961-இல் பெங்களூரில் தொடங்கியது ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடுதான். எக்கோ டிரைவ் வாங்கினீர்கள் என்றால் அப்பாவின் வாட்ச்சும் உங்களுடையதும் ஒரு வகையில் உறவு. அந்த வாட்ச் தொழிற்சாலைகளை 2016-இல் மூட முடிவெடுத்துவிட்டார்கள், ஆனால் கோடிக்கணக்கில் விற்றவை என்பதால் பழைய ரிப்பேர்க்காரர்களின் தகர டப்பாவில் பாகம் இன்னும் கிடைக்கிறது. பீரோவில் கிடந்து நின்றுபோனவற்றில் பலவற்றுக்கு வேறு நோய் இருக்காது, எண்ணெய் காய்ந்து பசையாகியிருக்கும். ஓடுகிறதா பார்ப்போம் என்று நீங்கள் சாவியை முறுக்க வேண்டாம். பழைய கடையாகப் பார்த்துக் கொண்டுபோய், உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். விளிம்பில் களிம்பு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். கழற்றிக் கழுவி எண்ணெய் போட ஆகும் செலவு புது வாட்ச் விலையில் சின்னப் பங்குதான்.

ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். "டயல் மங்கிப்போச்சு, புதுசாக்கித் தரேன்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆன்லைனில் 'புதுப்பித்த எச்.எம்.டி.' என்று ஒன்றை நான் ஆசைப்பட்டு வாங்கி ஏமாந்திருக்கிறேன். பளிச்சென்று பச்சை டயல், லென்ஸில் பார்த்தால் எழுத்து கோணல், நிமிஷக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. உள்ளே மூன்று வாட்ச்சின் பாகங்கள். உங்கள் அப்பா பார்த்து மணி சொன்ன டயல் அந்த மஞ்சள் ஏறிய டயல்தான், அது அப்படியே இருக்கட்டும். மாற்றிய பாகம் எதுவானாலும் பழையதைச் சின்னப் பொட்டலத்தில் திரும்பக் கேளுங்கள்.

ஓடத் தொடங்கியதும் தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள், விரலுக்கு இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை, வீட்டு விசேஷம், வெள்ளிக்கிழமை கோவில் என்று கட்டுங்கள். பஸ்ஸுக்கு வேண்டாம், அதில் தண்ணீரைத் தடுக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐப்பசி கார்த்திகை முழுதும் பீரோவிலேயே இருக்கட்டும். மழை விட்டு, தை பிறந்ததும் எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.